தோழி வைத்த ஸ்டேட்டஸ்

தேர்தல் வேலைகள் சூடு பிடித்த வாரத்தில்தான் என் தோழி அப்படி எழுத ஆரம்பித்தாள். அதற்கு முன் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முருகன் படம் வரும், மகளின் பிறந்தநாள் வரும், வீட்டோரத்து மிளகுக்கொடி வரும். அன்று காலை கருஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

"கை தட்டுகிறவர்களுக்குத் தெரிவதில்லை, எதற்குக் கை தட்டுகிறோம் என்று."

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது இதைப் பார்த்தேன். தவளைகளைப் பற்றிய புத்தகத்தை வரலாற்று அலமாரியில் வைத்துவிட்டு, அப்படியே நின்று மறுபடி படித்தேன்.

அவளும் நானும் மேல்நிலைப் படிப்புக்கு வத்தலக்குண்டு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் மேல்மலைக்காரி, பூண்டும் கிழங்கும் போடுகிற குடும்பம். அவள் கீழ்மலை. அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, முகாமில் கிடந்து, பிறகு பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கேதான். இருந்தாலும் வீட்டுப் பேச்சு அவள் வாயில் ஒட்டியிருந்தது. ரொட்டியைப் பாண் என்பாள். முதலில் சிரித்த நாங்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் பாண் என்றே சொல்லத் தொடங்கினோம்.

மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் அவள். விடுதிச் சாம்பாரில் புழு மிதந்தபோது நாங்கள் எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டோம். அவள் தட்டோடு எழுந்து போய்க் காப்பாளர் மேசையில் வைத்து, "இத நீங்க சாப்பிடுவீங்கன்னா நானும் சாப்பிடுறேன்" என்றாள். அப்படிப்பட்டவள் எதற்காக மூடுமந்திரமாக எழுத வேண்டும்? அரசியல் மேடைக்காரர்கள்தான் பெயர் சொல்லாமல் 'சிலர்' என்பார்கள். இவளுக்கு என்ன வந்தது?

எனக்கு உறுத்தியதற்குக் காரணம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எங்கள் விடுதித் தோழிகளின் குழுவில் ஒரு வீடியோவைப் பகிர்ந்திருந்தேன். என் அண்ணன் ஒரு கட்சியில் உள்ளூர்ப் பொறுப்பில் இருக்கிறான். எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி அவன் மேடையில் பேசிய வீடியோ அது. சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் பாதியில் அழுதுகொண்டு இறங்கிவந்தவன் இப்படிப் பேசுகிறானே என்ற பூரிப்பில், கை தட்டுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டுப் பகிர்ந்திருந்தேன். மற்றவர்கள் இதயம் போட்டார்கள், கும்பிடு போட்டார்கள். அவள் ஒன்றும் போடவில்லை.

அடுத்த ஸ்டேட்டஸ் வந்தது. "இடம் கொடுத்தோம் என்று சொல்கிறவர்களே, இடம் யாருடையது?"

அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளியூர்க்காரர்கள் வாங்கி வேலி போடும் நிலத்தைச் சொல்கிறாளா? வனத்துறையையா? மேல்மலையில் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி அண்ணன் ஒரு தகராறில் பேசப் போயிருந்தானே, அது அவள் காதுவரை போய்விட்டதா? ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. அதுதான் தொல்லை. பெயர் இல்லாத வசவு எந்தக் காலுக்கும் பொருந்துகிற செருப்பு. நான் என் காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "போன் போட்டுக் கேட்டா முடிஞ்சு போச்சு. அதுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

போன் போட்டேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். காட்டுமாடு வந்து வாழைக்கன்றை மிதித்துவிட்டதைச் சொன்னாள். மகள் கல்லூரி விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றாள். ஸ்டேட்டஸ் பற்றி நான் மெல்ல இழுத்ததும், "அதுவா, ஒண்ணுமில்லடி, சும்மா போட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அவள் 'சும்மா' என்று எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வரி வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. "கூட இருக்கிறவர்களுக்கே புரியாதபோது, வெளியே இருக்கிறவர்களைச் சொல்லி என்ன பயன்."

கூட இருக்கிறவள் நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். குழுவில் போட்ட வீடியோவை அழிக்கப் போனேன். எல்லோருக்கும் அழிக்கிற கெடு தாண்டிவிட்டிருந்தது; எனக்கு மட்டும் அழிக்கலாம் என்று காட்டியது. எனக்கு மட்டும் அழித்தேன். மற்ற எல்லோருடைய போனிலும் என் கைதட்டல் அப்படியே இருக்க, என் கண்ணில் மட்டும் அது இல்லாமல் போனது. அதில் ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை.

அய்யம்பாளையத்தில் இருக்கிற இன்னொரு விடுதித் தோழியைக் கூப்பிட்டேன். அவள் மருதாநதிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஊர்க்கதை ஒன்றையும் விடமாட்டாள். நம்ம ஆளு இப்படியெல்லாம் எழுதுகிறாளே, யாரைச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"என்ன ஸ்டேட்டஸு? அவ முருகன் படம் வச்சதோட சரி. அதுக்கப்புறம் ஒண்ணும் காணமே" என்றாள்.

லைனில் இருந்தபடியே பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றாள். என் கணவரிடமும் தோழியின் எண் இருந்தது. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. என் போனில் மட்டும் அந்தக் கருஞ்சிவப்பு வரி நின்றுகொண்டிருந்தது.

அதுவரை ஊருக்கே சொல்கிறாள், அதில் நானும் ஒருத்தி என்று நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு மட்டும் சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ஒருத்தி மட்டும் பார்க்கும்படி ஒன்றை எழுதி வைப்பதென்றால் என்ன அர்த்தம்? திட்டுவதென்றால் நேரே திட்டியிருக்கலாமே. நான் அதைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டேட்டஸுக்குக் கீழே இருக்கிற கண் அடையாளத்தைத் தொட்டால் யார் பார்த்தார்கள் என்று காட்டும். அப்படியானால் தினமும் நான் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்தும் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஆனால் பேசியபோது ஒண்ணுமில்லை என்றது அவள்தானே. நூலகத்தில் பிள்ளைகள் கேட்ட புத்தகத்துக்கு வேறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் அறைக்கு அறை நடந்தேன். கணவர் ஒரு கட்டத்தில், கால் வலிக்கப் போகிறது, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

சனிக்கிழமை வெள்ளனே கிளம்பினேன். பெருமாள்மலை தாண்டி, ஊத்து என்கிற இடத்தில் திரும்பி, பண்ணைக்காட்டில் இறங்கி, அங்கிருந்து தாண்டிக்குடி போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் என்ன கேட்பது, எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். ஜீப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் தேர்தலைத்தான் பேசினார்கள். யாரும் சுற்றி வளைக்கவில்லை. இன்னாருக்குத்தான் போடுவேன், இன்னார் திருடன் என்று உரக்கப் பேசிச் சிரித்தார்கள்.

அவள் வீட்டு முன்னால் தார்ப்பாய் விரித்து, பறித்துப் போட்ட மிளகுச் சரங்களை உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாளே என்று முகத்தில் ஒரு பயம் வந்து போனது. யாருக்கும் ஒன்றும் இல்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். உட்கார்ந்து நானும் சரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கண்ணில் கையை வைத்துவிடாதே என்று எச்சரித்தாள்.

கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "என்னத்தானடி சொன்ன?" என்றேன்.

"உன்னையா? எத?"

"ஸ்டேட்டஸ்ல. கை தட்டுறவங்கன்னு. எனக்கு மட்டும் தெரியிற மாதிரி வச்சிருக்க."

அவள் சரத்தைக் கீழே போட்டாள். பிறகு சிரித்துவிட்டாள், ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். எழுதினதும் முதலில் அவள் புருஷனை மறைத்தாளாம். பிறகு அவருடைய தம்பிகளை. பிறகு காலனிக்காரர்கள். தோட்டத்து மேஸ்திரி. மகளிர் குழுப் பெண்கள், ஏனென்றால் அதில் கட்சிக்காரர் பெண்டாட்டி இருக்கிறாள். விடுதிக் குழுவில் என்னைத் தவிர எல்லோரையும், ஏனென்றால் அய்யம்பாளையத்தாள் வாயில் எதுவும் நிற்காது. என் கணவரையும்கூட. மகளை மறைத்தாள், பிள்ளை படிக்கிற இடத்தில் கவலைப்படும் என்று.

"மறைச்சு மறைச்சுப் பாத்தா, கடைசில நீயும் கேஸ் சிலிண்டர் போடுற அண்ணனுந்தான் மிஞ்சுனீங்க" என்றாள். "உன்னையும் மறைச்சிரலாம்னு கை போச்சு. எல்லாரையும் மறைச்சுப்புட்டா அப்புறம் யாருக்குடி வைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்னை மறைக்க நினைத்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

வேட்பாளர் அவர்கள் காலனிக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார். ஆரத்தி எடுக்கப் பெண்கள் வேண்டும் என்று சொல்லி, இவள் கையில் தட்டைக் கொடுத்து முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். வேட்பாளர் நாலு வார்த்தை பேசி முடித்ததும், கூட வந்த ஒருவர் மைக்கை வாங்கியிருக்கிறார். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் இடம் கொடுத்த மண் இது, நன்றி மறக்காத சனம் நீங்கள், அந்த நன்றியை ஓட்டில் காட்டுங்கள் என்று பேசியிருக்கிறார். கூட்டம் கை தட்டியிருக்கிறது. முன்வரிசையில் இவள் புருஷன் நின்று எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியிருக்கிறார். அவரும் அதே கப்பலில் வந்த குடும்பம்தான். இவள் கையில் சூடம் எரிகிற தட்டோடு நின்றிருக்கிறாள்.

"எங்கப்பா இந்த மலைல குழி வெட்டி வெட்டி காப்பி நட்டாரு. அந்தக் காப்பிதான் இன்னும் காய்க்குது. இடம் குடுத்தாகளாம்" என்றாள். மிளகுச் சரத்தை அவள் தேய்த்த வேகத்தில் மணிகள் தார்ப்பாய்க்கு வெளியே தெறித்தன. "எங்க தாத்தன் பூட்டன் இங்க இருந்துதானடி அங்க போனாக. போன எடத்துலயும் வந்தவன், வந்த எடத்துலயும் வந்தவன். எப்பத்தான் நாங்க இருக்கறவங்க?"

நான் தெறித்த மணிகளைப் பொறுக்கிப் போட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அது உங்க அண்ணன் கட்சி மேடைடி. அதான் உங்கிட்ட போன்ல சொல்ல வாய் வரல."

ஆக, அவள் என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் நான் முழுக்க வெளியே இருக்கிறவளும் இல்லை. யாரோ ஒருவர் தெரியாமல் பேசினதற்குக் கட்சி என்ன செய்யும் என்று என் வாய் தன்னாலே தொடங்கியது. அவள் தலை நிமிரவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாதி வாக்கியம் எங்கள் இருவருக்கும் நடுவே மிளகோடு மிளகாகக் கிடந்தது. இரண்டு பேரும் சரத்தை உதிர்த்தோம். விரலெல்லாம் எரிந்தது.

அவள் புருஷன் பைக்கில் வந்தார். என்னை அவர் எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் பாடம் நடத்துவதில்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் விடவில்லை. வாங்க டீச்சர் என்று முகம் மலர்ந்து, நாங்கள் எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி, தானே உள்ளே போய்ப் பிளேன்டி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். அவர்மேல் கோபப்பட நான் தயாராகத்தான் இருந்தேன். அந்தத் தேநீரை வாங்கிக்கொண்டு எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அவர் உட்கார்ந்து, என்ன ரெண்டு பேரும் கமுக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சிரித்தார். நான் வேறு பேச்சுக்கு மாற்றப் பார்த்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு ஏன் கை தட்டுனீங்க?"

எந்த அன்றைக்கு என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். என் முன்னால் கேட்கிறாளே என்று அவர் என்னை ஒரு முறை பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? நானும் கேட்டேன்" என்றார். "வீட்டுக்குப் பட்டா வரணும். எத்தன வருசமா நடக்குறோம். கை தட்டுனா நான் கொறஞ்சா போயிருவேன்? பட்டா கைக்கு வரட்டும், அப்புறம் உக்காந்து யோசிப்போம் யாரு யாருக்கு இடம் குடுத்தான்னு."

"உங்கம்மா இருந்திருந்தா தட்டியிருப்பாங்களா?"

அவர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "அம்மா இருந்திருந்தா மொதல்ல அதுதான் தட்டியிருக்கும்" என்றார். "முகாம்ல கெடந்தது அது. எனக்காவது ரோசம் பாக்க நேரமிருக்கு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அவள் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நியாயத்துக்கு நடுவில் உட்கார்ந்து பிளேன்டியை ஆறவிட்டேன். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, கிளம்பவும் மனமில்லை. பிறகு அவள் சோறாக்கினாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பைப் பற்றி மட்டும் பேசினோம்.

பண்ணைக்காட்டுக்கு அவரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார், "ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தாளா?"

இல்லை, இன்றைக்குத்தான் சொன்னாள் என்றேன். அது உண்மை. எழுதியிருந்தது எனக்குப் புரியவில்லையே. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பஸ் ஏறுகிற நேரத்தில் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன்கிட்ட அந்தப் பட்டா விசயம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி என்னை நெளிய வைத்தது. அண்ணனிடம் சொல்லிப் பட்டா வந்தால், இடம் கொடுத்தவர்கள் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடுவேன். சொல்லாமல் விட்டால் யாருக்கு நட்டம்? கடைசியில் அண்ணனுக்கு போன் செய்து இரண்டையும் சொன்னேன். முதலில் அந்த மேடைப் பேச்சை. பிறகு பட்டாவை. பட்டா விவரத்தை அவன் சட்டென்று குறித்துக்கொண்டான். பேச்சைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே என்றான். உன்னை யாராவது வந்தவன் என்று சொன்னால் நல்ல எண்ணம் என்று எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன். நம்மை யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள் என்றான். அதோடு எங்கள் பேச்சு கொஞ்ச நாள் நின்றுபோனது.

நான் அண்ணனிடம் பேசியது தெரிந்ததும் தோழிக்குக் கோபம். உன்னை யார் கேட்கச் சொன்னது என்றாள். உன் வீட்டுக்காரர்தான் என்றேன். மெதுவாக, "அவரு கேப்பாரு" என்றாள்.

வாக்குப்பதிவுக்கு முன் அதே ஆட்கள் அவர்கள் காலனிக்கு மறுபடி வந்தார்கள். இவளைத் தட்டெடுக்கக் கூப்பிட்டதற்கு, சோலி கெடக்கு என்று சொல்லி வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். வேறு ஒரு பெண் எடுத்திருக்கிறாள். இவள் புருஷன் போனாராம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தட்டுனேன். உங்கிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தேர்தல் முடிந்துவிட்டது. பட்டா இன்னும் வரவில்லை. அவள் ஸ்டேட்டஸ் வைப்பதை நிறுத்திவிட்டாள். எழுதுவதற்குப் பதில் என்னைக் கூப்பிடுகிறாள். தான் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று ஒரு நாள் நேராகவே சொன்னாள். எந்தக் கட்சி வரக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அந்தக் கட்சிக்குப் போட்டிருக்கிறாள். ஏன் என்று காரணமும் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதிராக எழுதியபோதாவது, அவள் நினைப்பதும் நான் நினைப்பதும் ஒன்றுதான் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று போனில் நாங்கள் போட்ட சண்டையில் என் கணவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். போனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒவ்வொன்றாக வந்தன.

மறுநாள் நூலகத்தைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. போன் அடித்தது.

"நேத்து நீ ஒண்ணு சொன்னேல்ல" என்று ஆரம்பித்தாள். "அது தப்பு. ஏன்னு சொல்றேன், கேளு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் வருவதற்குள் வெரசாச் சொல்லு என்றேன்.